நாற்பதாம் ஆள்

எங்கள் பக்கத்தில் சிறுபோகம், அதாவது கோடை விதைப்பு, எல்லோருக்கும் கிடைக்காது. காலபோகத்துக்கு மழை இருக்கிறது, அவரவர் தங்கள் வயலில் விதைக்கலாம். மழை நின்ற பிறகு குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான் போதும். ஆகவே நூற்றிருபது பேரை மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு நாற்பது பேர் என்று முறை வைத்திருக்கிறோம். கூட்டத்தில் பெயர் வாசித்தால் அந்த வருடம் விதைக்கலாம். வாசிக்காவிட்டால் இல்லை. ஒரு முறை தவறிப்போனால் அடுத்தது வர மூன்று வருடம்.

அந்தப் பட்டியலை இரண்டு வருடமாக வெட்டிக் கொடுப்பவள் நான். வெட்டுகிற சந்தோசத்தில் ஒரு மனிதரின் முறையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்தச் சந்தோசத்தைச் சொல்லாவிட்டால் என் பிழை ஒருவருக்கும் விளங்காது. அவ்வளவு பெரிய சந்தோசம் அது!

எங்கள் கமக்கார அமைப்புக்கு, விவசாயிகள் சங்கத்துக்கு, நான் செயலாளராக வந்ததே என் கையெழுத்து வடிவாக இருக்கிறது என்ற காரணத்துக்காக. எனக்கு முன்னால் தலைவரே எல்லாவற்றையும் ஒரு நீளக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். முதல் வரி பிள்ளையார். துருசடியில், தண்ணீர் திறந்துவிடுகிற கதவுக்குப் பக்கத்தில், முதல் துண்டு எப்போதும் பிள்ளையாருக்கு. எந்த வருடமானாலும், எந்த நாற்பது பேரின் முறையானாலும் அவருக்கு ஒரு துண்டு உண்டு. அந்த வரிக்கு இலக்கம் கிடையாது. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றிருபது வரை மனிதர்கள். சிறுபோகத்துக்கு நாற்பது பேர் என்றால் நாற்பது மனிதர்கள். பிள்ளையாரை யாரும் எண்ணமாட்டார்கள். அவரை எண்ணுவது மரியாதை இல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, எண்ணின ஒருவரையும் கண்டதும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் அந்தக் கொப்பியைப் பார்த்து நாற்பது பேரைக் கையால் எழுதி எடுப்பேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் வந்து சண்டை பிடிப்பார். எழுத்துப் பிழை, வரி மாறிவிட்டது, தகப்பன் பெயருக்குப் பதிலாக மகன் பெயர். எனக்குப் பொறுமை குறைவு. பிறக்கும்போதே குறைவு என்று அம்மா சொல்வார். ஆகவே மன்னாரில் சனிக்கிழமைகளில் பைதான் என்கிற கம்பியூட்டர் மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

அடம்பன் சந்தியில் காலை பஸ் எடுத்தால் பாலம் தாண்டித் தீவுக்குள் போய், பள்ளிமுனையில் ஒரு மண்டபத்தில் வகுப்பு. பாலத்தில் அடிக்கிற காற்றுக்குத் தலை சிலும்பிப் போய்த்தான் வகுப்புக்குள் நுழைவேன். சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர்ப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் அவவை டீச்சர் என்பேன், அவ என்னை அக்கா என்பா. வகுப்பில் பதினைந்து பேர். மீன் வாடியில் மீன் பெட்டி எண்ணி ஏற்றுகிற ஒருவர் எனக்குப் பக்கத்துக் கதிரை.

மூன்றாவது சனிக்கிழமை பட்டியல். பெயர்களை வரிசையாகக் கொடுத்துவிட்டால் கம்பியூட்டர் வைத்துக்கொள்ளும். வேண்டிய துண்டை வெட்டி எடுக்கலாம். சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள், நடுவில் இரண்டு புள்ளி. முதல் எண்ணில் வெட்டு தொடங்குகிறது, இரண்டாவது எண்ணில் நிற்கிறது. அவ்வளவுதான்! நான் இரண்டு நாள் குந்தியிருந்து எழுதுகிற வேலை, ஒரு வரி! எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை.

"ஆனா ஒண்டு கவனியுங்கோ," என்றா டீச்சர். "இது ஒண்டில இருந்து எண்ணாது. முதலாவது ஆள் பூச்சியம்."

மீன் வாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூச்சியத்தில ஆரும் எண்ணுவினமோ டீச்சர்? நான் பெட்டியைப் பூச்சியம், ஒண்டு எண்டு எண்ணினா முதலாளி என்னை வீட்டை அனுப்பிப்போடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழும்பி நின்றுவிட்டேன்.

"பிள்ளையார்!" என்றேன்.

டீச்சர் பயந்துபோனா. பாவம், அவ வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவ, இந்த அக்காவுக்கு உரு வந்துவிட்டது என்று நினைத்திருப்பா. நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். முதல் வரியில் இலக்கம் இல்லாத பிள்ளையார், அதற்குக் கீழே ஒன்று. பிள்ளையாரைப் பூச்சியத்தில் இருத்தினால் மற்ற எல்லோருக்கும் அவரவர் இலக்கம் அப்படியே பொருந்தும். மூன்றாம் ஆள் மூன்று. முப்பதாம் ஆள் முப்பது. ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. உலகத்தில் யாரோ, எங்கேயோ இருந்து, எங்கள் துருசடிப் பட்டியலுக்கென்றே இதைச் செய்து வைத்திருக்கிறார்கள்! இந்த மகிழ்ச்சியை மீன் வாடிக்காரருக்கும் விளங்கப்படுத்தினேன். அதன் பிறகு டீச்சர் என்னவோ இன்னும் சொல்லிக்கொண்டிருந்தா. என் காதில் ஒன்றும் விழவில்லை.

தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய மடிக்கணினியில் பிள்ளையாரை முதலில் போட்டு, நூற்றிருபது பெயரையும் தமிழிலேயே அடித்தேன். பட்டியலுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றது. பெயர்கள் என்றே வைத்தேன், அதையும் தமிழில். ஏற்றுக்கொண்டது! நான் அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்ததும் எனக்குத் தெரியவில்லை. முதல் வருடத்துக்கு ஒரு வரி எழுதினேன்.

பெயர்கள்[0:40]

பிள்ளையார் முதல் நாற்பது வரை. பொத்தானை அமத்தினேன், கண் மூடி முழிக்க முன் பட்டியல் வந்து விழுந்தது. எத்தனை வரி என்று அதனிடமே எண்ணச் சொன்னேன். நாற்பது என்றது. ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற அதே நாற்பது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அதே கையோடு அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் வெட்டி வைத்தேன். பிள்ளையாரை மேலே போட்டு, கீழே பெயர்கள்[41:80]. பிறகு பிள்ளையாரும் பெயர்கள்[81:120]. அவற்றையும் எண்ணச் சொன்னேன். நாற்பது, நாற்பது. மூன்று வருட வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்தது, எனக்குத் தலைகால் தெரியவில்லை.

போன வருடக் கூட்டத்தில் தலைவர் என் அச்சடித்த தாளை வாசித்தார். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. மறுநாள் காலையில் கயிறு போட்டார்கள். கயிறு போடுவது என்றால், தண்ணீர் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்து, துருசடி வயலை ஒவ்வொரு வருடமும் புதிதாக அளந்து, தாளில் எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை துண்டாகப் பிரித்து முளை அடிப்பது. அந்த முறை எல்லோருடைய துண்டும் வழமையைவிட ஒரு எட்டு, ஒரு காலடி தூரம், அகலமாக வந்தது. வரம்பில் நின்று பார்த்தவர்களுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியளோ, கம்பியூட்டர் போட்டா காணியும் அகலுது!" என்று யாரோ சொல்ல, நான் பெருமையில் நெளிந்துகொண்டு நின்றேன். காணி ஏன் அகன்றது என்று கேட்க என் மூளைக்குத் தோன்றவில்லை.

இந்த வருடம் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது நாற்பது பேரின் முறை. தலைவர் பிள்ளையாரில் தொடங்கி வாசித்துக்கொண்டு போனார். பெயர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக ஓம், ஓம் என்றார்கள். வாசித்து முடித்துத் தாளை மடித்தார். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை பின்னால் விழுந்தது. எழும்பி நின்றவர் என் சித்தப்பா.

"என்ர பேர் எங்கை?"

சித்தப்பாவின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே அடம்பன் சந்தி வரை கேட்கும். கொப்பியில் அவர் எண்பதாவது ஆள். நாற்பத்தொன்று முதல் எண்பது வரை இந்த வருடம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சித்தப்பா, கம்பியூட்டர் பிழை விடாது," என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நாப்பது வரி இருக்கு. நான் எண்ணிப் பாத்தனான்."

"அப்ப நான் எங்கை போனனான்? செத்துப் போனனோ? பெறாமகளெண்டும் பாக்கமாட்டன், சொல்லிப்போட்டன்!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தலைவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"போன வருசம் ஒரு பிரச்சினையும் வரேல்லை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளை, நீ வீட்டை போய் என்னெண்டு பாத்துக்கொண்டு வா. நாளைக்கு ஆறு மணிக்குக் கயிறு. முளை அடிச்சா அடிச்சதுதான், பிறகு பிடுங்க ஏலாது. செவ்வாய்க்கிழமை தண்ணி."

சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. சித்தப்பாமேல் கோபம், கம்பியூட்டர்மேல் கோபம், சிரித்த அத்தனை பேர்மேலும் கோபம். குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து இரண்டாவது வெட்டைத் திறந்தேன். கடைசி வரி எழுபத்தொன்பதாம் ஆள். எண்பதைக் காணவில்லை. பட்டியலில் எண்பதாம் பெயரைக் கேட்டேன். சித்தப்பாவின் பெயரைக் காட்டியது. ஆள் இருக்கிறார், வெட்டில் மட்டும் வரவில்லை!

சின்னதாக ஒன்று பார்ப்போம் என்று பெயர்கள்[0:3] அடித்தேன். பிள்ளையார், ஒன்று, இரண்டு. மூன்று பேர் வந்தார்கள், ஆனால் மூன்றாம் இலக்கத்துக்காரர் வரவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடி அதே மூன்று பேர். மூன்றில் நில் என்றால் மூன்றைத் தராமல் இது ஏன் முன்னுக்கே நிற்கிறது? எழும்பி வெளியே வந்து, பின் வேலிக்கு அங்கால் கிடக்கிற வயல்களைப் பார்த்தபடி நின்றேன். அறுவடை முடிந்து வெறும் தாள் ஒட்டு. வரம்புகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

வரம்புகள்!

நான் இவ்வளவு நாளும் எண்களை வயலுக்குப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்டும்போது கம்பியூட்டர் எண்ணுவது வரம்பை. முதல் வயலுக்கு முன்னால் இருக்கிற வரம்பு பூச்சியம். அதைத் தாண்டினால் பிள்ளையாரின் துண்டு. அடுத்த வரம்பு ஒன்று, அதைத் தாண்டினால் முதலாம் ஆள். பூச்சியம் வரம்பிலிருந்து மூன்றாம் வரம்பு வரை நடந்தால் மூன்று வயல்தான் வரும். மூன்றாம் ஆளின் வயல் அந்த வரம்புக்கு அங்கால் கிடக்கிறது. எண்பதாம் வரம்பில் நில் என்றால் அது நிற்கத்தானே வேண்டும்? சித்தப்பா வரம்புக்கு அந்தப் பக்கம்! அவரையும் உள்ளே எடுக்க வேண்டுமென்றால் எண்பத்தோராம் வரம்பில் வெட்ட வேண்டும். கட்டைவிரல் வேலிக் கதியாலில் இடிபட்டதையும் பொருட்படுத்தாமல் உள்ளே ஓடினேன்.

பெயர்கள்[41:81]

கடைசி வரியில் சித்தப்பா! நான் கத்திய கத்தலுக்குக் கோழிகள் சிதறின. அந்தச் சந்தோசத்தை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். பள்ளிமுனைக்குப் போன் எடுத்தேன். டீச்சர் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தா. வரம்புக் கதையை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, நல்லாயிருக்கு! நான் இனி வகுப்பில வரம்பெண்டே சொல்லிக்கொடுக்கப்போறன்," என்றா. பிறகு சிரித்தா. "ஆனா கடைசி எண் சேராதெண்டு அண்டைக்கே மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் பிள்ளையாரைப் பிடிச்சுக்கொண்டு துள்ளிக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஆனா டீச்சர், எண்ணிக்கை சரியா வந்ததே. நாப்பது வந்தது."

"பிள்ளையாரையும் சேத்துத்தானே அக்கா நாப்பது?"

எங்கள் ஊரில் பிள்ளையாரை யாரும் எண்ணமாட்டார்கள் என்றுதானே பெருமையாகச் சொன்னேன். கம்பியூட்டருக்கு அது தெரியாது. அது எண்ணியது. வெளியே போன ஒரு மனிதரின் இடத்தில் பிள்ளையார் இருந்து கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்.

"அப்ப அக்கா," என்றா டீச்சர், இப்போது சிரிக்காமல், "போன வருசமும் இப்பிடித்தானே வெட்டினனீங்கள்? நாப்பதாம் ஆள்?"

போனைக் காதில் வைத்தபடியே ஒரு கையால் அடித்தேன். பெயர்கள்[0:41]. புதிதாக ஒரு வரி கீழே வந்தது. அந்தப் பெயரை எனக்குத் தெரியும். பெரியமடுப் பக்கம் போகிற ரோட்டில் இருக்கிறவர். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறிய குடும்பம். வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் ஊரில் இன்றைக்கும் அவர்களுக்குப் பெயர் வந்த ஆட்கள்தான். தலைவரின் கொப்பியில் முதல் பிரிவின் ஆகக் கடைசியாக எழுதியிருந்தது. போன வருடம் அவருடைய முறை. அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தன் பெயர் வரும் வரும் என்று முப்பத்தொன்பது பெயரையும் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார். பிறகு தலைவர் தாளை மடித்திருப்பார்.

சித்தப்பா ஒரு நிமிசம்கூடப் பொறுக்கவில்லை. இந்த மனிதர் ஒரு வருடமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அகன்ற துண்டுகளும் ஞாபகம் வந்தன. ஆளுக்கு ஒரு எட்டு! அது கம்பியூட்டரின் கெட்டித்தனம் இல்லை, அவருடைய வயல். மற்ற முப்பத்தொன்பது பேரும் அதைப் பங்கு போட்டு விதைத்து, அரிந்து, சாப்பிட்டும் முடித்துவிட்டார்கள். மூன்றாவது வெட்டில் யார் விழுந்திருக்கிறார் என்றும் பார்த்தேன். நூற்றிருபதாம் ஆள், கொப்பியில் கடைசியாகச் சேர்ந்தவள், நான். அடுத்த வருடம் என் பெயரை நானே விழுங்கியிருப்பேன்.

மறுபடி சைக்கிள். தலைவர் மண்டப வாசலில் நின்றார். சித்தப்பா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. சத்தம் குறையாமல் அங்கேயே நின்றார். நான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, எண்பதைப் போடுவம்," என்றார் தலைவர். "அது இந்த வருசக் காரியம். போன வருசத்துக்கு இப்ப என்ன செய்யிறது? அவரை அடுத்த சுற்றில பாப்பம்."

"அடுத்த சுற்றெண்டா இன்னும் ரெண்டு வருசம் தலைவர். ஏற்கனவே ஒரு வருசம் போட்டுது."

"நாப்பத்தொரு பேரெண்டா ஒவ்வொருத்தற்றை துண்டும் ஒடுங்கும். சனம் கத்தும் பிள்ளை."

"போன வருசம் அகலேக்கை கத்தினவையோ?"

அதை நான் கொஞ்சம் கூடச் சத்தமாகத்தான் கேட்டேன். தலைவர் முகம் கறுத்துவிட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, சித்தப்பா நடுவில் புகுந்தார். அவருக்குக் கத்துவதற்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது, நல்லவேளை.

"எனக்குப் போட்டா அந்தாளுக்கும் போடவேணும்! ரெண்டும் ஒரே பிழை. ஒருத்தனுக்குப் பிழை, மற்றவனுக்கு விதியோ? ஒடுங்கினா ஒடுங்கட்டும். எவன் கத்துறான் பாப்பம், என்னோட வந்து கத்தச் சொல்லுங்கோ!"

சித்தப்பாவோடு கத்திப் போட்டி போட ஊரில் ஆள் இல்லை. தலைவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. போடுவம். ஆனா அவர் காலமை வந்து நிக்கவேணும். சொந்தக்காரன் முளையைப் பிடிக்க, பக்கத்துக் காணிக்காரன் அடிக்கிறது. ஆள் இல்லாமல் முளை அடிக்கிற பழக்கம் இல்லை."

எங்கள் வழக்கம் அது. முளையைப் பிடித்த கையே அந்தத் துண்டுக்கு உறுதி. வேறு யாரும் அவருக்காகப் பிடிக்க முடியாது. அவர் இந்த வருடம் கூட்டத்துக்கே வரவில்லை, நாளைக்குக் கயிற்றுக்கு எப்படி வருவார்? பெரியமடு ரோட்டில் ஏறினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடம் பண்ணிக்கொண்டு போனேன், படலையில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

அவர் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க தங்கச்சி, ஒக்காருங்க."

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். போன வருடம் உங்களுடைய பெயர் விடுபட்டுப் போனது, பிழை நடந்துவிட்டது, நாளைக்குக் காலையில் வந்து முளை பிடியுங்கள் என்று. என் முகத்தையே பார்த்தார்.

"கம்பியூட்டரு விட்டுச்சா, ஆளுங்க விட்டாங்களா?"

கம்பியூட்டர் என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுகம்! காலையில் அதன்மேல் கோபத்தோடு சைக்கிள் மிதித்தவள்தான் நான். ஆனால் அந்த மனிதருக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"அதில பிழையில்லை. நான்தான் விட்டனான்," என்றேன். "வேணுமெண்டு விடேல்லை. எனக்கு எண்ணத் தெரியேல்லை."

அவருக்கு விளங்கவில்லை. நான் ஒரு ஈர்க்கை எடுத்து, மிளகாய்ப் பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஈர மண்ணில் கோடு கீறினேன். இது வரம்பு, இது பிள்ளையார். இது அடுத்த வரம்பு, இது முதலாம் ஆள். அவரும் எனக்கு எதிரே குந்தினார். முடிவில் நாற்பதாம் வரம்பைக் கீறி, அதற்கு அங்கால் ஒரு சதுரம் போட்டேன். இது நீங்கள். நான் இந்த வரம்பில் வெட்டிவிட்டேன், வெட்டியிருக்க வேண்டியது அடுத்ததில். அவர் விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஒரு வரம்பு முன்னுக்கு வெட்டிட்டீங்க."

"ஓம்."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவும்தான். உங்களை மட்டும் இல்லை, இந்த வருசம் என்ர சித்தப்பாவையும் விட்டிட்டன். அடுத்த வருசம் என்னையே விட்டிருப்பன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நா வேற மாதிரி நெனச்சேன் தங்கச்சி. எம் பேரு கொப்பியில மொதப் பிரிவோட கடைசியில கெடக்குது. புதுசா கம்பியூட்டர்ல போடுறப்ப, இவங்க என்னத்துக்குன்னு நம்மள எடுத்துட்டாங்கன்னு."

"ஏன் ஐயா கேக்கேல்லை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

மண்ணில் கீறிய கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். வீட்டுப் பக்கம் திரும்பி, என் சித்தப்பாவே தோற்றுப்போகிற குரலில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வாடி! தப்புதானாம்! நம்மள யாரும் ஒதுக்கலையாம்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோசம், நான் பொத்தானை அமத்திப் பட்டியல் வந்து விழுந்தபோது எனக்கு வந்ததைவிடப் பெரியது. காணி கிடைக்கப்போகிறது என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் வருகிறது என்று சொல்லவில்லை. தப்பு என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி மாக் கையோடு வாசலுக்கு வந்தா. அவர் சொல்லச் சொல்ல என்னைப் பார்த்தா, மண்ணில் கிடந்த கோடுகளைப் பார்த்தா. கோபப்படுவா என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப போன வருசம் துருசடியில பிள்ளையாருக்குப் பொங்கினப்ப நாம போயிருக்கலாமேங்க," என்றா அவரிடம். "ஊரே போச்சு, நாமதான் கதவச் சாத்திக்கிட்டு இருந்தோம்."

ஆறு மணிக்குக் கயிறு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஒருவரும் வர முன் நிற்க வேண்டும் என்று மறுநாள் ஐந்தரைக்கே துருசடிக்குப் போனேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முதலே வந்து நின்றார்கள்.